வயசாயிடுச்சு என்று விட்டுவிடும் வலி

வீட்டு நாய் மாடிப்படி ஏறத் தயங்குகிறது. படுத்து எழும்போது பின்னங்கால் உடனே பிடி கொடுப்பதில்லை. நாலைந்து எட்டு தாங்கித் தாங்கி வைத்த பிறகுதான் நடை சீராகிறது. கேட் திறக்கும் சத்தம் கேட்டால் பாய்ந்து வந்தது, இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. இதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் விளக்கம் ஒன்றே ஒன்று: "பாவம், அதுக்கும் வயசாயிடுச்சு." சொல்பவருக்கு நாய் மீது பாசம் குறைவு என்று அர்த்தமில்லை. பல வருடம் தன் கையால் சோறு போட்டு வளர்த்தவர்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் வயது என்று முடிவு கட்டியதும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வயதைக் குறைக்க வழியில்லாததால் வலியைக் குறைக்கவும் வழியில்லை என்று ஆகிவிடுகிறது. தடுப்பூசிக்குத் தவறாமல் அழைத்துப்போகும் குடும்பங்கள்கூட மூட்டு வலிக்காக மருத்துவரைத் தேடுவது, நாய் காலையே ஊன்ற முடியாத நிலைக்கு வந்த பிறகுதான். மூட்டுத் தேய்மானம் முற்றிலும் குணமாகும் நோய் அல்ல, உண்மைதான். ஆனால் அதன் வலியைப் பெருமளவு குறைக்க முடியும். அதற்கான வழிகளில் பலன் அதிகம் தருபவை செலவு குறைந்தவை. பாதிக்கு மேல் வீட்டிலேயே செய்யக்கூடியவை. இதற்கு ஆதாரம் கையில் இருக்கும்போது வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதை ஏற்க முடியவில்லை.

முதலில், இது கிழட்டு நாய்களின் நோய் என்ற எண்ணமே தவறு. மனிதர்களுக்கு மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருகிறது. நாய்களிலோ அதன் விதை குட்டிப் பருவத்திலேயே விழுந்துவிடுகிறது. தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து வளர்வது. முன்னங்கால் முட்டி எலும்புகள் ஒன்றுக்கொன்று இசையாமல் வளர்வது. முழங்கால் உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துபோவது. வண்டியில் அடிபட்ட எலும்பு கோணலாகக் கூடுவது. காரணங்களில் பெரும்பகுதி இவைதான். லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் என நம் ஊரில் ஆசையாக வாங்கப்படும் பெரிய இனங்களில் முதல் இரண்டு குறைகளும் பரம்பரையாகவே வருகின்றன. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எட்டு மாதம் முதல் நான்கு வயது வரையிலான 123 நாய்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது: சுமார் 40 சதவீத நாய்களுக்கு ஒரு மூட்டிலாவது தேய்மானத்தின் அடையாளம் இருந்தது, ஏறத்தாழ கால்வாசி நாய்களுக்கு அதே மூட்டைத் தொட்டால் வலியும் இருந்தது. நான்கு வயதைத் தாண்டாத நாய்கள் இவை. வளர்ந்த நாய்களில் ஐந்தில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கும் என்பது கால்நடை மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் பிரிட்டனில் 4.5 லட்சத்துக்கும் அதிகமான நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளைச் சலித்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஓராண்டில் இந்த நோய் பதிவானது 2.5 சதவீத நாய்களுக்குத்தான். இரண்டும் வெவ்வேறு முறையில் எடுத்த கணக்கு, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் கண்டுகொள்ளப்படாத வலி எவ்வளவு இருக்கும் என்பதை அந்த இடைவெளியை வைத்து ஊகிக்கலாம்.

"வலித்தால் கத்தாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கத்தாது. முழங்கால் வலி உள்ள பாட்டி நாள் முழுக்க அலறிக்கொண்டா இருக்கிறார்? உட்காரும் இடத்தை மாற்றிக்கொள்கிறார், கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்கிறார். நாயும் அதைத்தான் செய்கிறது. காலை மிதித்துவிட்டால் கத்துவது வேறு. மாதக்கணக்கில் தங்கிவிட்ட வலி வேறு. அதோடு, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் வலி நரம்புகள் கிடையாது. அது தேய்ந்து, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் அடியிலுள்ள எலும்பும் வீங்கத் தொடங்கும்போதுதான் வலி வெளியே தெரிகிறது. அதாவது நாய் நொண்டத் தொடங்கும் நாள், நோய் தொடங்கிய நாள் அல்ல. எஜமானரைக் கண்டதும் வாலாட்டுகிறதே, பந்தைப் பார்த்ததும் ஓடுகிறதே என்பதும் சான்றாகாது. உற்சாகத்தில் ஓடிய நாய், அன்று இரவோ மறுநாள் காலையோ எழும்போது எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்க்கத் தெரிந்தால் அடையாளங்களுக்குக் குறைவில்லை. பின்னங்கால் நகங்களின் மேல்பக்கத்தைக் கவனியுங்கள்: பாதத்தை முழுதாகத் தூக்காமல் இழுத்து நடக்கும் நாய்க்கு அங்கே நகம் சீவிவிட்டதுபோல் தேய்ந்திருக்கும். தொடை இரண்டையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் பிடித்துப் பார்த்தால், வலி உள்ள பக்கம் தசை வற்றி மெலிந்திருப்பது விரலுக்குத் தெரியும். மலம் கழிக்க முழுதாகக் குந்தாமல் நகர்ந்துகொண்டே போவது, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, உட்காரும்போது ஒரு காலை வெளிப்பக்கம் சாய்த்துப் போடுவது, காரில் ஏற முன்னங்காலை வைத்துவிட்டுத் தயங்கி நிற்பது எல்லாமே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள். முன்னங்காலில் வலி என்றால் நடக்கும்போது தலை ஆடும். நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும், வலிக்கும் கால் படும்போது தலை மேலே போகும். மருத்துவமனைக்குப் போனால் பயத்திலும் பரபரப்பிலும் நாய் நொண்டுவதையே மறைத்துவிடும் என்பதால், வீட்டில் எழுவது, நடப்பது, படியேறுவது மூன்றையும் கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. பத்து நிமிட விளக்கத்தைவிட அரை நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இனி சிகிச்சை. மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் சோற்றுத் தட்டைப் பார்க்க வேண்டும். ப்யூரினா நிறுவனம் 1987இல் தொடங்கி 14 ஆண்டுகள் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. 48 லேப்ரடார் குட்டிகளை ஒரே ஈற்றிலிருந்து இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்குக் கிடைத்த உணவில் கால் பங்கைக் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள்; ஆயுள் முழுக்க இதே ஏற்பாடு. குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. அதிகம் தின்ற கூட்டத்தில் பாதி நாய்களுக்கு ஆறு வயதிலேயே இடுப்பு மூட்டில் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிந்துவிட்டது. குறைவாகத் தின்றவற்றில் பாதி நாய்கள் அந்த நிலைக்கு வர 12 வயது ஆனது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே தீனி; அளவு மட்டும் வேறு. நாய்த் தீனி விற்கும் கம்பெனியே காசு செலவழித்து, தீனியைக் குறையுங்கள் என்று நிரூபித்திருக்கிறது என்பதால் இந்த முடிவை நம்பத் தோன்றுகிறது. ஏற்கெனவே மூட்டு வலி வந்துவிட்ட குண்டு நாய்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், உடல் எடையில் ஆறு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்தபோதே நொண்டல் அளவிடக்கூடிய அளவுக்குக் குறைந்தது. 36 கிலோ லேப்ரடாருக்கு அது இரண்டே கால் கிலோ. கொழுப்பு வெறும் சுமையாக மட்டும் இருப்பதில்லை. வீக்கத்தைத் தூண்டும் பொருள்களையும் அது ரத்தத்தில் கலக்கிறது.

நம் வீடுகளில் நாய் குண்டாவது சோற்றால் மட்டும் அல்ல. காலையில் காபி நேரத்துக்கு இரண்டு மேரி பிஸ்கட், பத்து மணிக்குப் பாட்டி கையால் ஒரு துண்டு தோசை, மதியம் தயிர் சாதம், மாலையில் பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் மறுபடி பிஸ்கட், இரவு மிச்சமான சாதத்தோடு கறித்துண்டு. கொடுக்கும் ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தானே கொடுத்தேன்" என்பார்கள்; அது உண்மையும்கூட. 30 கிலோ இருக்க வேண்டிய நாய்க்கு எடை குறைக்கும் காலத்தில் ஒரு நாளைக்குத் தேவை சுமார் 900 கலோரி. ஒரு மேரி பிஸ்கட் ஏறத்தாழ 25 கலோரி. ஆறு பிஸ்கட்டிலேயே அன்றைய கணக்கில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. நாய் குண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தராசுகூட அவசரத்துக்கு வேண்டாம். கையைத் தட்டையாக விரித்துப் புறங்கையின் விரல் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நாயின் விலா எலும்புகள் அந்த அளவுக்குக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். உள்ளங்கையைத் தடவுவதுபோல் சதைக்கு அடியில் எங்கோ எலும்பு இருப்பதாகத் தோன்றினால் எடை கூடிவிட்டது என்று பொருள். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு சற்று ஒடுங்கித் தெரிய வேண்டும். நம்மில் பலர் 'நன்றாக வளர்ந்திருக்கிறது' என்று மெச்சும் லேப்ரடார்களில் இது தெரிவதே இல்லை.

பசியோடு பார்க்கும் பிராணிக்கு உணவைக் குறைப்பது பாவம் இல்லையா என்ற கேள்வி எழும். அதன் பார்வையைத் தாங்குவது கஷ்டம்தான். ஆனால் அந்தப் பார்வைக்குப் பின்னால் எப்போதும் வயிற்றுப் பசி இருப்பதில்லை. லேப்ரடார்களில் கிட்டத்தட்ட கால்வாசிக்கு, 'போதும்' என்ற உணர்வைத் தரும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். அவை எவ்வளவு தின்றாலும் இன்னும் கேட்கும். கேட்பதையெல்லாம் கொடுப்பது அங்கே அன்பாகாது, அந்த மரபணுக் கோளாறுக்குத் துணைபோவதாகும். பட்டினி போடச் சொல்லவில்லை. சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணி, பீன்ஸ், கேரட் சேர்த்துத் தட்டை நிரப்பலாம். முட்டை, கோழி போன்ற புரதத்தைக் குறைக்கக் கூடாது, இல்லாவிட்டால் தசை கரையும். வெங்காயம் போட்ட குழம்பு எந்த அளவிலும் வேண்டாம். அது நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு நாளுக்கான உணவைக் காலையிலேயே ஒரு டப்பாவில் அளந்து வைத்து, யார் கொடுப்பதானாலும் அதிலிருந்துதான் கொடுப்பது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது. பாட்டியைச் சம்மதிக்க வைப்பதுதான் மீதிப் பாதி.

அடுத்தது தரை. வழவழப்பான டைல்ஸும் கிரானைட்டும் போட்ட வீட்டில், இடுப்பு வலியுள்ள நாய் ஒவ்வொரு முறை எழும்போதும் வழுக்குகிறது; வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் தசைகளை இறுக்கியே நடக்கிறது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை அடியில் ரப்பர் உள்ள கால்மிதிகளையோ பழைய யோகா விரிப்புகளையோ வரிசையாகப் போடுவது பெரிய செலவல்ல. நகத்தையும் பாதத்தின் அடியில் வளரும் முடியையும் வெட்டிவிட வேண்டும். வெறும் தரையில் படுக்கவிடாமல் கனமான மெத்தை கொடுக்கலாம். நடையை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. நடக்காவிட்டால் தசை வற்றும்; மூட்டைத் தாங்குவது அந்தத் தசைதான். வாரம் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது இன்னும் மோசம். தினமும், வெயிலுக்கு முன்னும் பின்னும், பத்துப் பதினைந்து நிமிடம் கயிற்றில் பிடித்து நிதானமாக நடத்தினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி இருக்கும் நாய்க்கு மருந்து வேண்டும். இங்கேதான் நல்லெண்ணத்தோடு செய்யும் ஆபத்துகள் அதிகம். நமக்கு முதுகு வலித்தால் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அவை நாயின் குடலில் புண்ணை உண்டாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பாராசிட்டமாலை நாய்க்கு மருத்துவர் அளவு பார்த்துத் தருவது உண்டு. நாமாகக் கொடுப்பது கல்லீரலோடு விளையாட்டு. பூனைக்கு ஒரே ஒரு மாத்திரை உயிரைப் பறிக்கும். இன்னொரு பக்கம், "ஒரு ஊசி போட்டு எழுப்பி விடுங்க டாக்டர்" என்று நாமே நெருக்கி ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வருவது. ஊசி போட்ட நாய் இரண்டு நாளில் துள்ளும். ஆனால் அந்த ஊசிக்கு மேல் வேறு வலி நிவாரணியும் சேர்ந்தால் குடல் புண் வரும் வாய்ப்பு பல மடங்கு. நாய்களுக்கென்று சோதிக்கப்பட்ட மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென், ஃபைரோகாக்சிப் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மெலாக்சிகாம் என்ற பெயரைப் பாறு கழுகுகளைப் பற்றிய செய்திகளில் படித்த நினைவு சிலருக்கு வரலாம். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளைக் கொன்றதால் 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. அதற்கு மாற்றாகக் கழுகுகளுக்குத் தீங்கில்லாதது என்று கண்டறியப்பட்டது மெலாக்சிகாம். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு ஆதரவாகப் பேசப்படும் அதே மருந்துதான், காப்புரிமை காலாவதியாகிப் பல கம்பெனிகள் தயாரிக்க, நம் வீட்டு நாய்க்கும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது.

"மாத்திரை தொடர்ந்து கொடுத்தால் கிட்னி போய்விடும்" என்பது இதற்கு வரும் மறுப்பு. பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எல்லா வலி நிவாரணிகளுக்கும் பக்கவிளைவு உண்டு. ஆனால் நாய்களுக்கு இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் கொடுத்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2010இல் பிரிட்டனின் வெட்டரினரி ரெக்கார்டு இதழில் வெளியான கட்டுரை, நாள் செல்லச் செல்லப் பலன் கூடுவதற்கான அறிகுறி இருப்பதையும், பக்கவிளைவு அதே அளவில் கூடியதற்குத் தெளிவான சான்று இல்லை என்பதையும் எடுத்துக்காட்டியது. கேள்வி, எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம், கல்லீரல் இரண்டையும் பார்ப்பது, சில வாரம் கழித்தும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மறுபடி பார்ப்பது, சாப்பாட்டோடு கொடுப்பது, வாந்தி வந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரை அழைப்பது. இவை செய்தால் ஆபத்து கட்டுக்குள் இருக்கும். மருந்து கொடுக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதைப் பயப்படுகிறவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நெடுநாள் தீராத வலி நரம்பு மண்டலத்தையே கூர்மையாக்கி, முன்பு வலிக்காத தொடுகையையும் வலிக்க வைக்கிறது. அதன் பிறகு அதே மாத்திரை போதாமல் போகிறது.

கடையில் அதிகம் விற்பதோ வேறு. குளுக்கோசமின், காண்ட்ராய்டின் சேர்ந்த மூட்டு டானிக்குகளும் மாத்திரைகளும் பல வீடுகளில் மாதாமாதம் வாங்கப்படுகின்றன. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய 2022ஆம் ஆண்டுக் கட்டுரை, வலியைக் குறைப்பதில் இந்த இரண்டின் சேர்க்கைக்குப் பலன் இல்லை என்றே முடிவு கட்டியது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்புக்குத்தான் ஓரளவு நல்ல சான்று கிடைத்தது. வலிக்கு எழுதப்பட்டுவரும் ட்ரமடாலும், நாற்பது நாய்களிடம் நடத்திய 2018 ஆய்வில் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. "என் நாய்க்குக் கேட்டதே!" என்று சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்லவில்லை. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருந்தே இல்லாத போலி மாத்திரை தின்ற நாய்களின் நடையை, பாதம் அழுத்தும் விசையை அளக்கும் தகடு பொருத்திய தளத்தில் நடக்கவிட்டு அளந்தார்கள். தகடு மாற்றம் இல்லை என்று காட்டிய நேரத்திலும் பத்தில் நான்கு முறை உரிமையாளர்கள் "நல்லா இருக்கு" என்றார்கள். கால்நடை மருத்துவர்களும் அதே அளவுக்கு ஏமாந்தார்கள் என்பதுதான் சுவாரசியம். நாயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில், நம் ஆசை நாயின் வாயாகப் பேசிவிடுகிறது. தைலம், கசாயம், மஞ்சள் என்று எதையும் ஒரே அடியாக மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தைலத்தை நாய் நக்கிவிடும் என்பதையும், இவற்றில் எதற்கும் மேலே சொன்ன அளவுக்குச் சோதனை நடக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு டானிக் பாட்டிலுக்கும் போகும் பணத்தை ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து வைத்தால் நாய்க்கு அதிக லாபம். ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி பெற்ற பெடின்வெட்மாப் என்ற மாதாந்தர ஊசி நம்பிக்கை தருகிறது. ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் நரம்புக் கோளாறு உள்ளிட்ட பக்கவிளைவுகளைக் குறித்து மருத்துவர்களை எச்சரித்தது. புதியது என்பதற்காகப் பாயவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்.

தெருவில் நடக்கும் குழந்தையை நாய் கடித்துக் குதறும் செய்தி வந்துகொண்டே இருக்கும் நேரத்தில், நாயின் முழங்கால் வலிக்கு இத்தனை வார்த்தைகளா என்ற கோபம் சிலருக்கு வரும். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் கடி என்று வரும்போதே வலியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் மில்ஸ் குழுவினர், நடத்தைக் கோளாறு என்று தங்களிடம் கொண்டுவரப்பட்ட நாய்களை ஆராய்ந்து 2020இல் எழுதியது: குறைத்துச் சொன்னாலும் மூன்றில் ஒரு நாய்க்கு ஏதோ ஒரு வலி இருக்கிறது. வலியால் கடிக்கத் தொடங்கிய 12 நாய்களைப் பற்றிய ஸ்பெயின் ஆய்வில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது இடுப்பு மூட்டுக் கோளாறு. எட்டு வருடம் சாதுவாக இருந்த நாய், இடுப்பைக் கட்டிப் பிடித்த குழந்தையின் மேல் திடீரென்று பாய்ந்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைக்கிறோம். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்களைப் பற்றிய அதே லிங்கன் குழுவின் இன்னொரு ஆய்வும் தீபாவளி கொண்டாடும் நமக்குப் பொருந்தும்: மூட்டு, தசை வலியுள்ள நாய்களுக்கு அந்தப் பயம் மற்ற நாய்களைவிடச் சராசரியாக நான்கு ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. சத்தத்துக்கு உடல் திடுக்கிடும்போது வலிக்கிறது; அடுத்த முறை சத்தமே வலியின் முன்னறிவிப்பாகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆகவே, நடுவயதில் புதிதாக வெடிக்குப் பயப்படத் தொடங்கும் நாயின் மூட்டுகளைச் சோதிப்பது அறிவுடைமை.

தடுக்கக்கூடியதைத் தடுப்பதிலும் நமக்குப் பொறுப்பு இருக்கிறது. பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலப்பட வேண்டும் என்று கால்சியம் டானிக் ஊற்றுவது நம் ஊரில் பரவலான பழக்கம். சரிவிகித உணவு தின்னும் குட்டிக்கு அது தேவையில்லை, அதிகமானால் எலும்பும் மூட்டும் கோணலாக வளரவே வழிசெய்யும். நார்வேயில் ஐந்நூறு நாய்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், பிறந்தது முதல் மூன்று மாதம் வரை படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்புக் கோளாறு அதிகமாகவும், மண்தரையில் சுதந்திரமாக ஓடித் திரிந்தவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் 'சர்டிபிகேட்' இருக்கிறதா என்று கேட்கும் நாம், அவற்றின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்பதில்லை. கேட்காதவரை விற்பவர் எடுக்கப்போவதில்லை. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் நாய் இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பதிவு எண்ணையும் எக்ஸ்ரேயையும் சேர்த்துக் கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகினால் விதியும் உயிர்பெறும்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான வளர்ப்பு நாய்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரின் கண்ணில் படுவது வெறிநோய்த் தடுப்பூசிக்காகத்தான். சென்னையில் நாய்க்கு மாநகராட்சி உரிமம் வாங்கவும் அந்தத் தடுப்பூசிச் சான்று வேண்டும். ஊசியைப் போட்டு அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பும் அந்தச் சில நிமிடங்களோடு இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்தால், எடை பார்த்துவிடலாம், நான்கு கால்களையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிடலாம். அரசு கால்நடை மருத்துவமனைகளும் மாநகராட்சி முகாம்களும் ஏழு வயது தாண்டிய நாய்களுக்கும், பெரிய இனமாக இருந்தால் எந்த வயதிலும், இதை வழக்கமாக்க வேண்டும். அதுவரை நாய் வைத்திருப்பவர்கள் தாமாகக் கேட்டுப் பெறலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது நடை வீடியோவை எடுத்துக்கொண்டு போங்கள். நாயை எடை மேடையில் ஏற்றச் சொல்லுங்கள். மூட்டுகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.